நாலாவது கோடு

சிவப்புதான் முதலில் போகும் என்பார் அக்கா. நீலம் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். வெள்ளை மஞ்சளாகிக்கொண்டே வெள்ளை மாதிரி நடிக்கும். சிவப்புக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. மதுரை வெயிலில் இரண்டு கோடை நின்றால் சிவப்பு ரோஸாகும், அப்புறம் சுண்ணாம்பாகும். இதை ஒரு படகின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்துக் கையை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்க ரோஸ் பொடி.

அந்தக் கைக்கு நான் ஒரு கெடுதல் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது எப்பேர்ப்பட்ட கை என்று யாருக்கும் தெரியாது, என்னுடைய கெடுதலும் சின்னதாகத் தெரியும். அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

மதுரையில் படகுக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மேலூர் ரோட்டில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. ராட்டினம், பேய் வீடு, சறுக்குமரம், நடுவில் வெட்டிய ஒரு குளம். குளத்தில் காலால் மிதித்து ஓட்டுகிற ஆறு ஃபைபர் படகுகள். நான் அந்தப் படகுகளுக்குப் பொறுப்பாளர். தினமும் விளாங்குடியிலிருந்து பைக்கில் ஊரைக் குறுக்கே கடந்து வந்து, மிதவைச் சட்டைகளை எண்ணி, குளத்தில் யாரும் எழுந்து நின்று செல்ஃபி எடுக்காமல் விசிலடிப்பதுதான் என் உத்தியோகம்.

ஒரு வைகாசி முகூர்த்தத்தன்று கல்யாண வீட்டுக் கூட்டம் ஒன்று பூங்காவுக்கு வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பட்டு வேட்டியோடு சிவப்புப் படகில் ஏறி இரண்டு சுற்று மிதித்துவிட்டு இறங்கினார். கூட்டமே சிரித்தது. வேட்டியின் பின்பக்கம் இரண்டு பெரிய ரோஸ் வட்டங்கள். அவர் என்னைத் தன் பின்னால் நிற்க வைத்து, "நல்லாப் பாருங்க, இதோட நான் மண்டபத்துக்குப் போகணுமா?" என்று கேட்டார். படகின் மேல்தோல் பொடிந்து பொடிந்து உட்காருகிறவர்களின் துணியில் ஏறிக்கொண்டிருந்தது எனக்கு முன்பே தெரியும். முதலாளிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "படகப் புதுசாக்கு. இல்லாட்டி நான் படகுக்கு ஆளப் புதுசாக்கிருவேன்" என்றார்.

விசாரித்ததில் அவனியாபுரம் தாண்டி ஒரு ஃபைபர் பட்டறையைச் சொன்னார்கள். தண்ணீர்த் தொட்டி, குப்பைத் தொட்டி, பள்ளிக்கூட வாசலுக்கு வைக்கிற டால்பின், கல்யாண மண்டப யானை எல்லாம் அங்கே வார்ப்பார்கள். விமான நிலையம் பக்கத்தில் என்பதால் தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் பேச்சு பாதியில் நிற்கும், விமானம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நான் போனபோது ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, ஒரு படகின் உடம்பில் பள்ளிக்கூடப் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிக்கொண்டிருந்தார். ஏதோ பிள்ளைகள் செய்கிற வேலையைப் பெரிய ஆள் செய்வதுபோல இருந்தது. பட்டறைக்காரர், "படகுன்னா அக்காகிட்டப் பேசிக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு டால்பின் பக்கம் போய்விட்டார்.

"இத எல்லாம் புதுசாக்கணும்க்கா" என்று செல்லில் என் ஆறு படகுகளின் படத்தைக் காட்டினேன்.

"புதுசெல்லாம் ஆக்க முடியாது தம்பி. மேல செத்துக் கெடக்குறத எடுத்துவிடலாம். அடியில உசுரு இருந்தா மேல வரும். அம்புட்டுத்தான் நம்ம வேலை."

அந்த வேலையைப் பற்றி எனக்கு அதற்குமுன் எதுவும் தெரியாது. படகின் நிறத்தைப் பெயிண்ட் என்றுதான் நினைத்திருந்தேன். பெயிண்ட் இல்லையாம். ஜெல்கோட் என்று ஒரு தோல். படகை வார்க்கும்போதே அச்சில் முதலில் அதை ஊற்றி, அதன்மேல்தான் கண்ணாடி நாரையும் பிசினையும் படிய வைப்பார்கள். நிறம் அந்தத் தோலுக்குள்ளேயே இருக்கும். அதன் மொத்தத் தடிமனே நம் கட்டைவிரல் நகத்தின் தடிமன்தான். வெயில் அதன் மேற்பரப்பைப் பொடியாக்கும். பொடியைத் தேய்த்து எடுத்தால் அடியிலிருந்து நல்ல நிறம் வரும், மினுக்கினால் முகம் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் தோலில் கொஞ்சம் போகிறது. போனது முளைக்காது.

அவர் வேலை செய்யும் முறை இதுதான். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைப்பார். காய்ந்ததும் பென்சிலால் உடம்பு முழுக்கக் கோடு இழுப்பார். பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி, ஒரே சீராகத் தேய்ப்பார். பென்சில் கோடு அழிய அழிய எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்வார்களாம். ஆனால் எல்லாரும் கோடு அழிகிறவரை தேய்ப்பார்கள். அக்கா அழிவதற்குக் கொஞ்சம் முன்னால், கோடு இருந்த இடத்தில் நிழல்போல ஒன்று மிச்சமிருக்கும்போதே, கையை எடுத்துவிடுவார்.

"போதும்" என்பார்.

"இன்னும் லேசாத் தெரியுதேக்கா."

"மினுக்குற மாவு அதத் தின்னுக்கிரும். எல்லாத்தையும் நாமளே முடிக்கணுமா?"

அதன்பிறகு வெண்ணெய் மாதிரி ஒரு மாவைத் தடவி, சுழலும் மெஷினில் மினுக்கி, கடைசியில் மெழுகை இரண்டு கை பூசித் துணியால் துடைப்பார். முதல் படகை அவர் முடித்தபோது அதில் பட்டறையின் தகரக் கூரை தெரிந்தது, மேலே போன விமானம் தெரிந்தது. முதலாளியே காரில் வந்து பார்த்தார். பார்த்ததும் பாராட்ட ஆரம்பித்தார். அவர் மேடைப் பேச்சில் பழகியவர், நிறுத்தத் தெரியாது. அக்கா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "போதும் சார், கொஞ்சம் தள்ளிக்கங்க, நெழலு விழுகுது" என்றார். முதலாளி தள்ளி நின்றுகொண்டார். அவர் யார் சொல்லியும் தள்ளி நின்று நான் பார்த்ததில்லை.

போதும் என்பது படகுக்கு மட்டும் அவர் சொல்கிற வார்த்தை இல்லை என்பது போகப்போகப் புரிந்தது. டீக்கடைக்காரர் ஊற்ற ஆரம்பிக்கும்போதே கையைக் காட்டுவார், அரை கிளாஸ்தான். பட்டறையில் பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தால் மேலே இருக்கும் முதல் சேலையை எடுத்துக்கொள்வார், அடியில் இருப்பதைப் பிரித்துப் பார்க்க மாட்டார். சண்டை என்றால் ஒரு வரி, பதிலுக்கு ஒரு வரி கேட்டுக்கொள்வார், மூன்றாவது வரிக்கு ஆள் இருக்க மாட்டார். பட்டறையில் இன்னும் இரண்டு பெண்கள் தேய்க்கிற வேலை பார்த்தார்கள். அவர்கள் கை ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் அக்கா எங்கிருந்தோ வந்து அந்தக் கையைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டுப் போவார். திட்டமாட்டார். காரணமும் சொல்லமாட்டார்.

இந்தக் குணம் எனக்கு முழுக்கப் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். பட்டறைக்காரர் ஒருமுறை சொன்னார். அக்காவுக்கு ஒரே மகள். வீட்டுக்காரர் இல்லை. மகளை மேலூரில் கட்டிக்கொடுத்து, கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையோடு பஸ் ஏற்றிவிட மாட்டுத்தாவணிக்குப் போயிருக்கிறார்கள். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். பஸ் இன்னும் கிளம்பவில்லை. அக்கா மகளின் கையை ஒருமுறை பிடித்துவிட்டுத் திரும்பி விறுவிறுவென்று நடந்துவிட்டாராம். "எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுண்ணே. நான்தான் பஸ்ஸு போற வரைக்கும் டாட்டா காட்டிட்டு வந்தேன்" என்றார் பட்டறைக்காரர்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த முறை போனபோது கேட்டேன்.

"பஸ்ஸு போறதப் பாத்துட்டு நின்னா, போனப்புறம் வெறும் ரோட்டத்தான தம்பி பாக்கணும்" என்றார் அக்கா. பிறகு தாளைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார். அவருக்குக் கல் மனசு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எதை நினைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். பென்சில் கோடு இல்லை, இது வேறு கோடு. வேலை முடிந்ததும் படகின் இருக்கையைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தில் கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுவார். அந்தப் படகு ஒருமுறை தேய்க்கப்பட்டது என்று அர்த்தம். அடுத்த முறை வந்தால் இரண்டாவது கோடு. நாலுதான் கணக்கு. நாலு கோடு விழுந்த படகை உப்புத்தாளால் தொடமாட்டார். அதை முழுக்கச் சுரண்டி, புதிதாக ஜெல்கோட் அடித்து, காய வைத்து எடுக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் ஆகும்.

"மலை மேல இருந்து ஒரு படகு வரும், அணையில இருந்து ஒண்ணு வரும், ஓட்டல்ல இருந்து ஒண்ணு வரும். எதுக்கு எம்புட்டுத் தேச்சேன்னு மண்டையில நிக்குமா? என் ஞாபகத்த நம்பக் கூடாது தம்பி. கோட்டத்தான் நம்பணும். தோலு எம்புட்டு மிச்சம் இருக்குன்னு கையால கண்டுபிடிக்க முடியாது. கைக்குத் தெரியிறப்போ தோலு போயிருக்கும்."

முதல் வருடம் ஆறு படகிலும் ஒவ்வொரு கோடு போட்டுக் கொடுத்தபோது எனக்கும் சில உத்தரவுகள் போட்டார். குளத்துக்கு வெளியே நிற்கும்போது படகுகள் பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே நிற்க வேண்டும். போர்வெல் தண்ணீரின் உப்புக் கறையை அன்றன்றைக்கே துணியால் துடைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு. பாத்திரம் விளக்குகிற பவுடர் பக்கத்திலேயே வரக் கூடாது. இதை எல்லாம் செய்தால் இரண்டு மூன்று வருடத்துக்கு உப்புத்தாளே வேண்டாம், மெழுகு வெயிலை வாங்கிக்கொள்ளும் என்றார்.

கொஞ்ச நாள் செய்தேன். ஆடிக் காற்றில் பச்சை வலை கிழிந்தது. புது வலை வாங்கச் சீட்டு எழுதினேன், அது யார் மேசையிலோ தூங்கியது, நானும் எழுப்பவில்லை. மெழுகு போடும் நாட்கள் கூட்டம் அதிகமான நாட்களாகவே அமைந்தன. படகு கழுவுகிறவர் பவுடர் போட்டுத் தேய்த்தால் கறை சீக்கிரம் போகிறது என்று கண்டுபிடித்தார், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மற்ற ஐந்து படகுகளும் எப்படியோ சமாளித்தன. சிவப்புப் படகு ஒவ்வொரு வருடமும் வெளுத்தது. ஒவ்வொரு வருடமும் அவனியாபுரத்துக்குப் போய் ஒரு கோடு வாங்கிக்கொண்டு வந்தது. நாலு வருடத்தில் நாலு கோடு. நாலாவது கோடு போடும்போது அக்கா என்னைப் பார்த்தார், "மெழுகு போடுறீங்களா?" என்றார். போடுகிறேன் என்றேன். "சரி" என்றார். மார்க்கர் பேனாவின் மூடியை மூடிவிட்டார்.

ஐந்தாவது வருடம் மார்கழியில் முதலாளி பூங்காவுக்குப் புதுப் போஸ்டர் அடித்தார். காணும் பொங்கல்தான் எங்களுக்கு வருடத்திலேயே பெரிய கூட்டம். போஸ்டரில் நடுவில் நின்றது சிவப்புப் படகு, நாலு வருடத்துக்கு முந்தைய படம், பழம் மாதிரிச் சிவப்பு. குளத்தில் நின்றதோ ரோஸ். ஊரெல்லாம் ஒட்டிவிட்டு வந்துதான் முதலாளி குளத்தைப் பார்த்தார். "பொங்கலுக்குள்ள இது போஸ்டர் மாதிரி இருக்கணும்" என்றார். பட்டு வேட்டி ரோஸான அன்றைக்குச் சொன்னதை அவர் திரும்பச் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்டது. எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று இடுப்பில்.

இருந்தது பன்னிரண்டு நாள். புது ஜெல்கோட்டுக்கு ஒரு மாதம் வேண்டும். அதோடு பொங்கலை ஒட்டி அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு, நாலு நாள் முன்னாடியே தட்டி கட்டி ரோட்டை அடைத்துவிடுவார்கள், படகை ஏற்றிய வண்டி உள்ளே வராது, வெளியே போகாது. நாலு கோட்டோடு படகைக் கொண்டுபோனால் அக்கா இருக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொல்வார். அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டில் என் மனைவியின் நகப்பாலிஷ் அழிக்கிற சின்னப் பாட்டில் இருந்தது. மார்க்கர் மையும் அதில் போகும். காலையில் பூங்கா திறப்பதற்கு முன் படகுக் கொட்டகையில் உட்கார்ந்து, பஞ்சில் நனைத்து, நாலாவது கோட்டைத் துடைத்தேன். அரை நிமிட வேலை. துடைத்துவிட்டு விரல் மையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டேன். பெரிய பாவம் செய்கிற மாதிரியெல்லாம் இல்லை. ஒரு தடவைதானே, தாங்கும் என்று நினைத்தேன். ஒரு கோடு அவர் எப்படியும் ஜாக்கிரதைக்காகக் குறைத்துத்தான் வைத்திருப்பார் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குட்டியானை வண்டியில் படகை ஏற்றிப் போனேன். அக்கா அன்று பிசின் கலக்கும் வேலையில் இருந்தார். முழங்கை வரை ரப்பர் கையுறை. நானே இருக்கையைக் கழற்றித் தூக்கிக் காட்டினேன். பார்த்தார். கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"மூணா? நாலு போட்டதா ஞாபகம் தம்பி."

"மூணுதான்க்கா. எண்ணிப் பாருங்க."

கையுறை விரலை நீட்டி, தொடாமல், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினார்.

"ஆமா, மூணுதான். நான்தான் வேற படகோட போட்டுக் கொழப்பிக்கிட்டேன்" என்றார். என் பொய்க்காக அவர் தன் ஞாபகத்தைத் தள்ளி வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் நான் போனபோது தேய்த்துக்கொண்டிருந்தார். பென்சில் கோடு போட்டு, தண்ணீர் தொட்டு, எப்போதும்போல. பாதி உடம்பு முடிந்திருந்தது. படகின் மூக்கு வளைவுக்கு வந்தார். வளைவுகளில் தோல் இன்னும் மெலிசாக இருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாலைந்து இழுப்புதான் இழுத்தார். சட்டென்று கை நின்றது. தண்ணீரை ஊற்றிக் கழுவினார். சிவப்புக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மண் நிறத்தில் ஒரு திட்டு. அதில் கண்ணாடி நார் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தது. அதைச் சுற்றிலும் பென்சில் கோடு இன்னும் அழியாமல் இருந்தது.

"கோடு இன்னும் அழியாம இருக்கப்போ எப்படி நாரு வரும்?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, படகிடம் கேட்டார்.

பட்டறைக்காரர் வந்து பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "விடுங்கக்கா. நமக்கும் அம்பத்தஞ்சு ஆகப்போகுதுல்ல. கைக்கும்தான வயசாகும். நேத்து நாலா மூணான்னு வேற கொழம்புனீங்க."

அக்கா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். ரோஸ் தண்ணீர் மணிக்கட்டு வழியாக வடிந்துகொண்டிருந்தது. அப்போது மேலே ஒரு விமானம் இறங்கியது, வழக்கம்போல எல்லாரும் பேசாமல் நின்றோம். சத்தம் போனதும் நான் பேசியிருக்கலாம். அக்காதான் பேசினார்.

"போதும்" என்றார்.

கையைக் கழுவினார். கட்டையைத் தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்தார். ஆம்பளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஷேர் ஆட்டோவுக்கு நடந்து போனார்.

மிச்ச வேலையை மற்ற இரண்டு பெண்களும் முடித்தார்கள். திட்டின்மேல் அவசரத்துக்குக் கொஞ்சம் ஜெல்கோட்டைக் கலக்கிப் பூசினார்கள், நிறம் சேரவில்லை. நான் டவுனில் ஒரு பெரிய முயல் ஸ்டிக்கர் வாங்கி அதன்மேல் ஒட்டினேன். காணும் பொங்கலன்று அந்த முயல் படகுக்குத்தான் வரிசை நீளம். ஒருவர் துணியிலும் பொடி ஏறவில்லை. முதலாளி ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். என் வேலை பிழைத்தது.

பொங்கல் முடிந்ததும் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பொங்கல் முடிந்து அவர் பட்டறைக்கு வரவில்லை. பட்டறைக்காரர் போய்க் கூப்பிட்டிருக்கிறார். "கையும் கேக்கல, ஞாபகமும் கேக்கல. நாளைக்கு வேற ஒருத்தர் படகக் கெடுக்கணுமா?" என்றாராம். பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு மேலூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். நான் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் போகலாம் என்று வைத்துக்கொண்டேன். அதற்குப் பெயர் கோழைத்தனம், வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மூன்று வருடம் போனது. பூங்காவில் குளத்தை மூடிவிட்டுச் செயற்கை அருவி கட்டப்போவதாக முடிவானது. படகுகளைப் பழைய சாமான்காரர் எடுக்க வந்தார். ஐந்து படகுகளை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். சிவப்புப் படகை நாலு பேராலும் அசைக்க முடியவில்லை. முயலுக்குக் கீழே தண்ணீர் இறங்கி இறங்கி நார் முழுக்க ஊறியிருந்தது. அங்கேயே மெஷின் வைத்து அறுத்தார்கள். இருக்கை கழன்று என் காலருகே கவிழ்ந்து விழுந்தது. அடிப்பக்கத்தில் மூன்று கறுப்புக் கோடுகள். பக்கத்தில் கோடு இல்லாத ஒரு இடம், துடைத்த இடம் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குச் சொரசொரப்பாக, ஓரமாகப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி. அந்தத் துண்டை மட்டும் அறுத்துத் தரச் சொன்னேன். எதுக்குண்ணே என்றார்கள். ஞாபகத்துக்கு என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலூருக்குப் போனேன். பட்டறைக்காரர் வழி சொல்லியிருந்தார், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மருமகன் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதலாளி, போஸ்டர், பன்னிரண்டு நாள், இரண்டு பிள்ளைகள். எல்லாம் வரிசையாக இருந்தது.

அக்கா கடையில்தான் இருந்தார். யாரோ ஒருவருடைய பத்திரம் போலிருக்கிறது, எடுத்த பிரதிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு மூன்றாவது தடவை. வாங்க வந்தவர், "சரியாத்தான் இருக்கும், குடுங்கம்மா" என்று பிடுங்காத குறையாக வாங்கிப் போனார். அக்கா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க தம்பி, படகெல்லாம் எப்படி இருக்கு?" என்றார். தண்ணீர் கொண்டுவரப் போனார். உள்ளேயிருந்து வந்த மகள் என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"பழைய ஆளுகளப் பாத்தா அம்மாவுக்கு நல்லது சார். இப்பல்லாம் எதையும் நம்ப மாட்டேங்குது. கேஸ அடைச்சேனா, கதவப் பூட்டுனேனான்னு ஒரு நாளைக்கு இருபது தடவ போய்ப் பாக்குது. முன்னாடி இப்படி கெடையாது."

போதும் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆளை நான் என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. தண்ணீர்ச் சொம்போடு வந்த அக்காவிடம் பேப்பரைப் பிரித்து அந்தத் துண்டை நீட்டினேன்.

அவர் அதைக் கையில் வாங்கினார். தன்னுடைய கோடுகளைப் பார்த்துச் சிரித்தார். பழக்கதோஷத்தில் கட்டைவிரலால் மேலே தடவினார். முதல் கோடு, இரண்டாவது, மூன்றாவது. விரல் அதற்குமேலும் போனது. நின்றது. திரும்ப ஒருமுறை தடவியது.

"இங்க ஒண்ணு இருந்திருக்கு" என்றார்.

"ஆமாக்கா."

"மருந்து போட்டுத் துடைச்சிருக்காங்க. யாரு?"

"நான்தான்க்கா. நாலு கோடு இருந்துச்சு. படகு அனுப்புறதுக்கு முன்னாடி நான் ஒண்ணத் துடைச்சேன். உங்க ஞாபகம் சரிதான். கையும் சரிதான். நான்தான்..."

முதலாளி, போஸ்டர் என்று ஆரம்பித்தேன். அக்கா கையைத் தூக்கினார். அந்தக் கையை எனக்குத் தெரியும். அடுத்து வரும் வார்த்தையையும் தெரியும். அது வந்துவிட்டால் எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு நிமிடம் எனக்கு ஆசையாகக்கூட இருந்தது.

"அதெல்லாம் வேணாம்" என்றார். "நாலு இருந்துச்சுன்னு சொன்னீங்கள்ல. அத இன்னொருக்கா சொல்லுங்க."

"நாலு கோடு இருந்துச்சுக்கா."

"ஏ பிள்ள, இங்க வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். மகள் வந்தாள். "சார் ஒண்ணு சொல்றாரு, கேளு. சொல்லுங்க தம்பி."

மகளிடம் சொன்னேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் மாறியது. "மூணு வருசமா எங்கம்மா கெடந்து..." என்று ஆரம்பித்து அவள் பேசியதெல்லாம் எனக்குத் தகும். வேறு நாளாக இருந்தால் அக்கா இரண்டாவது வரியிலேயே நிறுத்தியிருப்பார். அன்றைக்கு நிறுத்தவில்லை. மகள் பேசி முடிக்கும்வரை அந்தத் துண்டை மடியில் வைத்து, துடைத்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து செல்லை எடுத்தார். தேடி ஒரு நம்பரை அழுத்தி, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்தார். நாலு முறை மணி அடித்தது. எதிர்முனையில் விமானம் இறங்குகிற இரைச்சல். அது போகும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம். இரைச்சல் அடங்கியதும் பட்டறைக்காரரின் குரல், "சொல்லுங்கக்கா, நல்லாருக்கீங்களா?" என்றது.

அக்கா செல்லை என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினார்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க தம்பி" என்றார்.